வெட்டவெளியில் கல்யாணம்: முதல்முறை ஏற்பாடு செய்பவர்களுக்கு

மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும்போது நாம் நான்கு சுவரை மட்டும் எடுப்பதில்லை. கூரை, சமமான தரை, மின்சாரம், தண்ணீர், கழிப்பறை, விளக்கு, வண்டி நிறுத்த இடம், இரவில் குப்பையை அள்ளும் ஆள் என எல்லாமே அந்த வாடகைக்குள் சத்தமில்லாமல் அடங்கியிருக்கும். வெட்டவெளிக்குப் போன மறுநிமிடம் இவை ஒவ்வொன்றும் தனி வேலையாகவும் தனிச் செலவாகவும் எழுந்து நிற்கும். “இடம் நம்முடையது, வாடகை மிச்சம்” என்று தொடங்கிய குடும்பங்கள் கடைசியில் மண்டபச் செலவைத் தாண்டிப் போனதைப் பார்த்திருக்கிறேன். என் தம்பி கல்யாணத்தில் நாங்களே அப்படித்தான் போனோம்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செலவைக் குறைக்க வெளியே போகாதீர்கள். அந்த மரத்தடியோ கடற்கரையோ மலைச்சரிவோ உண்மையாகவே பிடித்திருந்தால் போங்கள். அப்படிப் போகிறவர்கள் எந்த வரிசையில் யோசித்தால் தடுமாறாமல் இருக்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் தலைகளை எண்ணுங்கள்

இடம் தேடுவதற்கு முன் அழைப்புப் பட்டியலை எழுதுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அழகான இடத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்துவிட்டு, அப்புறம் ஆட்களை அதற்குள் திணிக்கப் பார்க்கிறார்கள்.

வரிசையாக நாற்காலி மட்டும் போட்டால் ஆளுக்குச் சுமார் 0.75 சதுர மீட்டர் வேண்டும். மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிட 1.2 முதல் 1.5 சதுர மீட்டர் வரை. 200 பேர் என்றால் சடங்குக்கு 150, விருந்துக்கு 300. மேடை, பரிமாறும் இடம், சமையல் பகுதி, நடைபாதை எல்லாம் சேர்த்தால் 600 சதுர மீட்டருக்குக் குறையாத சமதளம் தேவைப்படும். பார்வைக்குப் பெரிதாகத் தெரியும் புல்வெளிகளில் பாதி இதற்குத் தாங்காது. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு போங்கள்.

இதைவிடப் பெரிய கணக்கு வண்டிகளுடையது. திரும்பி எடுக்கும் இடத்தையும் சேர்த்தால் ஒரு காருக்கு ஏறக்குறைய 25 சதுர மீட்டர் ஆகும். காருக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் 200 பேருக்கு 67 கார், அதாவது சுமார் 1,700 சதுர மீட்டர். கல்யாணத்துக்கு ஆவதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு இடம் கார்களுக்கு! அது இல்லையென்றால் சற்றுத் தள்ளி ஓரிடத்தில் வண்டிகளை நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து வேனில் கூட்டிவர ஏற்பாடு செய்ய வேண்டும். முடியாத காரியமில்லை, ஆனால் இதை முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

இடத்தைச் சரியான நேரத்தில் போய்ப் பாருங்கள்

காலை பத்து மணிக்கு இடத்தைப் பார்த்துவிட்டு மாலைக் கல்யாணத்துக்கு முன்பணம் கொடுப்பது வழக்கமான தவறு. கல்யாணம் எந்த நேரமோ அந்த நேரத்தில் போங்கள். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், விருந்தினர் உட்காரப்போகும் இடத்தில் அரை மணி நேரம் சும்மா உட்காருங்கள். வெயில் கண்ணில் அடிக்கிறதா, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, சாலை இரைச்சல் எவ்வளவு, ஏதாவது வாடை வருகிறதா என்பதையெல்லாம் அந்த அரை மணி சொல்லிவிடும்.

நேரம் சரி, நாள்? நான்கு மாதம் முன்னால் பார்த்த சூரியன் கல்யாணத்தன்று அதே இடத்தில் இருக்காதே என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு வழி உண்டு. ஜூன் 21-ஐ ஒட்டியும் டிசம்பர் 21-ஐ ஒட்டியும் சூரியன் வானத்தில் ஒரு கோடிக்குப் போய், வந்த வழியே திரும்புகிறது. அதனால் ஒவ்வொரு தேதிக்கும் ஆண்டில் ஒரு இரட்டைத் தேதி இருக்கிறது. ஆகஸ்ட் 20-இல் கல்யாணம் என்றால் அது ஜூன் 21-க்கு 60 நாள் பிந்தியது. 60 நாள் முந்திய ஏப்ரல் 22-இல் போய்ப் பார்த்தால் சூரியன் மறையும் திசையும் நிழல் விழும் விதமும் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். பிப்ரவரி 1-க்கு இரட்டை நவம்பர் 9. கடிகார நேரம் மட்டும் சில நிமிடங்களிலிருந்து அரை மணி வரை முன்பின்னாகலாம். இலை உதிரும் மரமாக இருந்தால் நிழலும் மாறும், அதையும் மனதில் வையுங்கள்.

மணமக்கள் முகத்தில் நேர் வெயிலும் விழக்கூடாது, விருந்தினர் முகத்திலும் விழக்கூடாது. மேடை, நாற்காலி, சூரியன் மூன்றும் ஒரே கோட்டில் இருந்தால் இரண்டில் ஒரு தரப்பு கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் இருக்கும். சூரியன் பக்கவாட்டில் இருக்கும்படி மேடையைத் திருப்புங்கள். தம்பி கல்யாணப் படங்களில் பாதிப்பேர் அழுவது போலத் தெரிவார்கள். அது ஆனந்தக் கண்ணீர் என்று இன்றுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

முடிந்தால் நல்ல மழை பெய்த மறுநாளும் ஒருமுறை போங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது, பாதை சேறாகிறதா என்று தெரியும். கூடாரச் சாமானும் ஜெனரேட்டரும் லாரியில்தான் வரும். அந்த லாரி வாசலில் திரும்ப முடியுமா, மேலே தாழ்ந்த கிளையோ மின்கம்பியோ இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டுப்போன கிளைகள் நாற்காலிகளுக்கு நேர் மேலே இருந்தால் முன்கூட்டியே வெட்டச் சொல்லுங்கள். கைபேசியில் சிக்னல் வருகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். வழி தெரியாமல் கூப்பிடும் நாற்பது பேருக்குப் பதில் சொல்ல அது வேண்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களையும் கைத்தடியோடு வருபவர்களையும் நினைத்துக்கொண்டு பாதையை நடந்து பாருங்கள். சாய்தளம் போடுவதானால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது பயமும் இருக்கும்.

கடற்கரையாக இருந்தால் ஓத அட்டவணை (கடல்நீர் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்ற பட்டியல்) இல்லாமல் தேதி குறிக்காதீர்கள். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே பெரும்பாலான கரைகளில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். பௌர்ணமியையும் அமாவாசையையும் ஒட்டி நீர் வழக்கத்தைவிட மேலே ஏறும். நிலவொளிக்காகப் பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்தவர்கள் கவனிக்க: நாற்காலி போட நினைத்த மணல் அன்று தண்ணீருக்குள் இருக்கலாம்.

நேரத்தைச் சூரியனிடம் கேளுங்கள்

நடுப்பகல் வெயில் யாருக்கும் நல்லதல்ல. தலைக்கு மேலே இருக்கும் சூரியன் கண்ணுக்குக் கீழே கருநிழல் போடும், பெரியவர்கள் வாடிப்போவார்கள். மாலைச் சடங்கு என்றால் சூரியன் மறையும் நேரத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மறைவதற்கு முந்திய ஒரு மணி நேரம் படம் எடுக்க. அதற்கு முன் முக்கால் மணியோ ஒரு மணியோ சடங்குக்கு. அதற்கும் முன்னால் அரை மணி நேரத்தைத் தாமதத்துக்கென்றே ஒதுக்குங்கள். எல்லாக் கல்யாணமும் தாமதமாகத்தான் தொடங்கும், சூரியன் மட்டும் காத்திருக்காது. மறைந்த பிறகும் சுமார் 20 முதல் 30 நிமிடம் வரை விளக்கில்லாமல் நடமாடும் அளவுக்கு வெளிச்சம் இருக்கும். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிப் போகப் போக இந்த அந்தி நீளும்.

வெப்பமான பருவத்தில் தரை சூடேறி, ஈரக்காற்று மேலெழுந்து, பிற்பகலில் இடிமேகம் கட்டும் பகுதிகள் நிறைய உண்டு. அங்கே காலைக் கல்யாணம்தான் புத்திசாலித்தனம். கடலோரத்தில் பகல் ஏற ஏறக் கடல்காற்று வலுத்து, பொழுது சாயும்போது தணியும். திரைச்சீலை, முக்காடு, காகிதத் தோரணம் எல்லாம் எந்த நேரத்தில் பறக்கும் என்பதற்கு இதுவே பதில்.

அனுமதிகள்

ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் யாரைக் கேட்பது என்று மட்டும் சொல்கிறேன். நிலத்தின் சொந்தக்காரர், உள்ளாட்சி நிர்வாகம், காவல்துறை, தீயணைப்புத் துறை. பூங்காவோ காடோ கடற்கரையோ என்றால் அதை நிர்வகிக்கும் துறை. கேட்க வேண்டியவை: எத்தனை பேர் கூடலாம், ஒலிபெருக்கியை எத்தனை மணிக்கு நிறுத்த வேண்டும், நெருப்பு மூட்டலாமா, வெடி போடலாமா, ட்ரோன் பறக்கவிடலாமா, கூடாரத்துக்குத் தனி அனுமதி வேண்டுமா. வாய்ப் பேச்சில் “பார்த்துக்கலாம்” என்றால் எழுத்தில் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்களை நேரில் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், முடிந்தால் அழைத்தும் விடுங்கள். சாப்பிட வந்தவர் சத்தத்தைப் பற்றிப் புகார் செய்வது அரிது.

மழை வந்தால்?

இந்தக் கேள்விக்கு “வராது” என்று பதில் சொல்பவரிடம் ஏற்பாட்டை ஒப்படைக்காதீர்கள்.

மாற்றுத் திட்டம் என்றால் மூன்றே வழிகள்தான்: பக்கத்தில் ஒரு கூரையுள்ள கட்டடம், முன்பே பதிவு செய்த கூடாரம், அல்லது வேறு நாள். மூன்றாவது ஏறக்குறைய நடக்காது. இரண்டாவதில் ஒரு சிக்கல், மழை வரும் என்று தெரிந்தபிறகு கூடாரம் தேடினால் கிடைக்காது. உங்களைப் போலவே இன்னும் பத்துப் பேர் தேடிக்கொண்டிருப்பார்கள். முன்பணம் கொடுத்து ஒதுக்கிவைத்து, இத்தனை நாள் முன்னால் வேண்டாம் என்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இதில் நான் அடித்துச் சொல்வது இரண்டு. மாற்றுத் திட்டம் உங்களுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். இருட்டான ஒரு கொட்டகையை மாற்று இடமாக வைத்திருந்தால், கருமேகத்தைப் பார்த்தபிறகும் “இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம்” என்று நின்றுகொண்டிருப்பீர்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எல்லாம் நனையும். மாற்று இடத்தையும் அலங்காரத்தோடு கற்பனை செய்து பாருங்கள். அங்கே நடந்தாலும் பரவாயில்லை என்று மனம் ஒப்புக்கொள்ளும் வரை தேடுங்கள்.

அடுத்தது, முடிவெடுக்கும் நேரத்தையும் ஆளையும் முன்கூட்டியே எழுதிவைப்பது. “நாளை மாலை 4 மணிக்கு என்றால் இன்று இரவு 8 மணிக்கு முடிவு, முடிவெடுப்பவர் சித்தப்பா” என்பது போலத் தெளிவாக. கூடாரம் நிமிர்த்த எத்தனை மணி நேரம் ஆகும், நாற்காலிகளை உள்ளே மாற்ற எத்தனை பேர் வேண்டும் என்று கேட்டு அதிலிருந்து அந்த நேரத்தைக் கணக்கிடுங்கள். மணமக்களோ அவர்களின் பெற்றோரோ முடிவெடுப்பவராக இருக்க வேண்டாம். அன்று அவர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, மனமும் ஆசையின் பக்கமே சாயும்.

வானிலை முன்னறிவிப்பைப் பதினைந்து நாள் முன்பிருந்தே பார்த்துப் பார்த்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பத்து நாளைக்கு அப்பால் சொல்வதெல்லாம் ஊகத்துக்குப் பக்கம். கடைசி ஐந்து நாளில் ஓரளவு நம்பலாம், கடைசி இரண்டு நாளில் மணிவாரியாகப் பார்க்கலாம். “40% மழை வாய்ப்பு” என்றால் நாளில் 40% நேரம் பெய்யும் என்று பொருளில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் அந்த நேரத்துக்குள் அளக்கும்படியான மழை பெய்வதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு என்று பொருள். அது ஐந்து நிமிடத் தூறலாகவும் இருக்கலாம்.

மழையைக் கூடாரம் தாங்கும், மின்னலைத் தாங்காது. இடி காதில் விழுகிறது என்றாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணினால் மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். கூடாரத்தின் உலோகக் கம்பமும் தனி மரமும் அந்த நேரத்தில் மோசமான இடங்கள். எல்லோரையும் கட்டடத்துக்குள்ளோ மூடிய கார்களுக்குள்ளோ அனுப்பிவிட்டு, கடைசி இடிச் சத்தத்திலிருந்து 30 நிமிடம் பொறுங்கள்.

கூடாரமும் தரையும்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இந்தச் சின்னக் கணக்கைக் கூடாரத்துக்குப் போட்டுப் பாருங்கள்: 100 சதுர மீட்டர் தட்டையான துணியில் 10 மில்லிமீட்டர் மழை தேங்கினால் 1,000 லிட்டர், அதாவது ஒரு டன். அதனால்தான் சரிவில்லாத துணிப் பந்தல் வெயிலுக்கு மட்டுமே லாயக்கு. மழைக்கு என்றால் நல்ல சரிவும், தண்ணீர் புகாத துணியும், விளிம்பில் வடியும் வழியும் வேண்டும். வடியும் தண்ணீர் நுழைவாயிலில் கொட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். எவ்வளவு காற்று வேகம் வரை தாங்கும் என்று கூடாரக்காரரிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

முளை அடிக்கும் முன் நிலத்தடியில் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று நிலத்துக்காரரிடம் கேட்டுச் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். பாறையோ தளம் போட்ட முற்றமோ என்றால் முளைக்குப் பதிலாக எடைக்கட்டிகள் வைக்க வேண்டியிருக்கும், அதற்குத் தனி வாடகை.

புல்வெளியானால் கல்யாணத்துக்கு இரண்டு மூன்று நாள் முன் புல்லை வெட்டிவிட்டு, அத்தோடு தண்ணீர் பாய்ச்சுவதையும் நிறுத்தச் சொல்லுங்கள். தானியங்கித் தெளிப்பான் இருந்தால் அதை அணைத்துவிட்டு, அணைத்தாயிற்றா என்று இன்னொரு முறை கேளுங்கள். குதிகால் செருப்பு ஈரமண்ணில் புதையும், நாற்காலிக் காலும் புதையும். நடைபாதைக்கு மட்டுமாவது பலகையோ கனத்த விரிப்போ போடுங்கள்.

மின்சாரம்: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்

எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் சரியாகப் பெண் அழைத்துவரப்படும் நேரத்தில் மைக் செத்தது, விளக்கு அணைந்தது. காரணம் பெரிய கோளாறு ஒன்றுமில்லை. சமையல் பக்கத்தில் யாரோ வெந்நீர்க் கொதிகலனைப் போட்டிருக்கிறார்கள், அது மைக்கோடு ஒரே இணைப்பில் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. கணக்குப் போடாதது நாங்கள்தான்.

கணக்கு இப்படி. மின்சாரம் தேவைப்படும் ஒவ்வொரு பொருளையும் அதன் வாட் அளவோடு எழுதுங்கள். உதாரணத்துக்கு, விளக்குகள் 2 கிலோவாட், ஒலி அமைப்பு 3, இருபது மின்விசிறிகள் 2, உணவைச் சூடாக வைக்கும் சாதனங்கள் 6, கொதிகலன் 3. ஆக மொத்தம் 16 கிலோவாட். ஜெனரேட்டரைக் கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர், அதன் திறனைச் சொல்லும் அளவு) கணக்கில் தருவார்கள். பொதுவாகக் கிலோவாட்டை 0.8-ஆல் வகுக்க வேண்டும், 20 கேவிஏ வரும். ஜெனரேட்டரை முழுச்சுமையில் ஓட்டக்கூடாது, முக்கால் சுமை என்று வைத்தால் 27 கேவிஏக்குக் கொஞ்சம் குறைவு. ஆகவே 30 கேவிஏ கேளுங்கள். குளிர்பெட்டி போன்ற மோட்டார் உள்ளவை தொடங்கும் நொடியில் பல மடங்கு மின்சாரம் இழுக்கும் என்பதற்கும் அந்த இடைவெளி உதவும்.

சமையல் பக்கத்தையும் மைக், மேடை விளக்குகளையும் தனித்தனி இணைப்பில் போடுங்கள். சுருளாகச் சுற்றிய நீட்டிப்புக் கம்பியை அப்படியே பயன்படுத்தினால் சூடேறி உருகும், முழுதும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். ஈரத்தரையில் மனிதர்கள் நடமாடும் இடம் என்பதால் எல்லா இணைப்பிலும் 30 மில்லிஆம்பியர் கசிவு மின்துண்டிப்பான் (மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம், பூமி இணைப்பும் கட்டாயம். தகுதியுள்ள மின்பணியாளர் ஒருவர் கடைசி விளக்கு அணையும் வரை அங்கேயே இருக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

ஜெனரேட்டர் புகையில் நிறமும் வாசனையும் இல்லாத கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதைக் கூடாரத்துக்குள்ளோ மூடிய அறையை ஒட்டியோ வைக்கவே கூடாது. காற்று நம்மைவிட்டு விலகிப் போகும் திசையில், சத்தம் கேட்காத தொலைவில் வையுங்கள். தொலைவு கூடக் கூடக் கம்பியில் மின்னழுத்தம் குறையும் என்பதால் கம்பியின் தடிமன் கூட வேண்டும். இதை மின்பணியாளர் பார்த்துக்கொள்வார், நீங்கள் ஞாபகப்படுத்தினால் போதும். எரிபொருள் எத்தனை மணி நேரத்துக்கு இருக்கிறது என்பதை மட்டும் நீங்களே கேளுங்கள்.

ஒலியும் விளக்கும்

வெட்டவெளியில் குரலைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. தொலைவு இருமடங்கானால் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். முன்னால் இரண்டு பெரிய ஸ்பீக்கர் வைத்தால் முதல் வரிசைக்குக் காது அடைக்கும், கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்காது. சிறிய ஸ்பீக்கர்களை இருபுறமும் பிரித்து வைத்து, சத்தத்தைக் குறைத்து ஒலிக்கவிடுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டாவிட்டால் மணமக்களின் வாக்குறுதிக்குப் பதில் காற்றின் இரைச்சல்தான் பதிவாகும். கம்பியில்லா மைக்குக்குப் புதிய பேட்டரி, கூடவே கம்பியுள்ள மைக் ஒன்று.

விளக்குகளை வாங்கும்போது எல்லோரும் மேடையைத்தான் நினைப்பார்கள். கழிப்பறைக்குப் போகும் வழி, வண்டி நிறுத்துமிடம், படிக்கட்டு, கூடாரக் கயிறு கட்டிய முளைகள், சமையல் பகுதி, இவைதான் இருட்டில் ஆட்களைத் தடுக்கி விழவைப்பவை. மெழுகுவர்த்தி வைக்க ஆசையென்றால் உயரமான கண்ணாடிக் கூட்டுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஏற்றுவதற்கே ஒரு ஆளை நியமிக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர், உணவு, கழிப்பறை

சமைத்த உணவு 5-க்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் இருந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். சூடானது 60-க்கு மேலேயும் குளிர்ந்தது 5-க்குக் கீழேயும் இருக்க வேண்டும். இடைப்பட்ட அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் வைக்கக்கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம்தான். ஆகவே எல்லாவற்றையும் ஒரே தடவையில் பரப்பி அடுக்காமல், சிறு சிறு அளவாகக் கொண்டுவந்து நிரப்பச் சொல்லுங்கள். சமையல் குழுவிடம் வெட்டவெளியில் சமைத்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள். குழாய், கழுவுதொட்டி, மேசை எதுவுமில்லாத இடத்தில் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லவையுங்கள். அடுப்புப் பக்கம் தீயணைப்பான் இருக்கட்டும்.

குடிநீரை ஆளுக்கு மணிக்கு அரை லிட்டர் என்று வைப்பது என் கணக்கு. மிஞ்சினால் நட்டமில்லை. கை கழுவவும் பாத்திரம் கழுவவும் தண்ணீர் தனி.

கழிப்பறை பற்றிப் பேச எல்லோரும் கூச்சப்படுவார்கள், கல்யாணம் முடிந்தபின் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசுவார்கள். நான்கைந்து மணி நேர நிகழ்ச்சிக்கு 50 பேருக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம். பெண்களுக்குக் கூடுதலாக வையுங்கள், கனமான உடையோடு வருபவர்களுக்கு நேரமும் இடமும் அதிகம் வேண்டும். ஒன்றாவது சக்கர நாற்காலி நுழையும்படி இருக்க வேண்டும். “பக்கத்திலேயே வீடு இருக்கிறதே” என்று நினைக்காதீர்கள். ஐந்து பேருக்கு என்று கட்டிய கழிவுநீர்த் தொட்டி ஒரே மாலையில் 200 பேரைத் தாங்காது. கைகழுவும் வசதி, துடைக்கத் துண்டு, விளக்கு, அவ்வப்போது சுத்தம் செய்ய ஒரு ஆள் எல்லாம் இதே பட்டியலில் சேரும்.

வெயிலும் கொசுவும்

சடங்கு நடக்கும் இடத்துக்கு நிழல் இல்லையென்றால் குடையோ விசிறியோ கையில் கொடுங்கள். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நிழலுள்ள வரிசைகளை ஒதுக்குங்கள். குளிரடிக்கும் இடமென்றால் பொழுது சாய்ந்தபின் போர்த்திக்கொள்ள ஏதாவது வேண்டும்.

கொசுவுக்கு மின்விசிறியைவிட எளிய மருந்தில்லை. அது பலவீனமாகப் பறக்கும் பூச்சி, காற்றை எதிர்த்து வராது. மேசைகளுக்கு அடியில் காற்று படும்படி திருப்பி வையுங்கள், கடிபடுவது காலில்தான். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால், இரண்டு வாரம் முன்பே போய்த் தேங்கிய தண்ணீரையெல்லாம் கொட்டிவிடுங்கள். தொட்டி, பூச்சட்டித் தட்டு, பழைய டயர் எதையும் விடாமல் பாருங்கள்.

விருந்தினருக்குச் சொல்லுங்கள்

அழைப்பிதழிலேயே “நிகழ்ச்சி திறந்தவெளியில்” என்று போடுங்கள். தரை புல்லா மணலா, எந்தச் செருப்பு சரிப்படும், எங்கே வண்டி நிறுத்த வேண்டும், மாலையில் குளிருமா என்று ஒரு வாரம் முன்பு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். வழிகாட்டும் பலகைகளைச் சாலைத் திருப்பத்திலிருந்தே வையுங்கள், வரைபடச் செயலி வயல் நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

கடைசி வாரமும் அன்றைய நாளும்

எல்லாச் சாமானும் எந்த மணிக்கு வரும், யார் கையெழுத்துப் போட்டு வாங்குவார், எங்கே வைக்க வேண்டும் என்று ஒரே தாளில் எழுதுங்கள். கூடாரம் முதலில், மின்சாரம் அடுத்து, மேசை நாற்காலி அப்புறம், பூ கடைசியில். பூவை முந்தி வைத்தால் மேடை ஏறும் நேரத்தில் வாடியிருக்கும். இடத்தை முதல் நாளே கைக்கு வாங்க முடிந்தால் அதற்குக் கூடுதல் வாடகை கொடுக்கலாம், அந்தப் பணம் வீண் போகாது. இரவுக் காவலுக்கும் ஆள் வேண்டும்.

முதல் நாள் மாலை, இருட்டிய பிறகு, எல்லா விளக்கையும் விசிறியையும் மைக்கையும் அடுப்புப் பக்கச் சாதனங்களையும் ஒரே நேரத்தில் போட்டு அரை மணி ஓடவிடுங்கள். எது விழ வேண்டுமோ அது அன்றே விழட்டும்.

ஒரு பெட்டி கட்டிவையுங்கள்: கத்தரிக்கோல், ஒட்டுநாடா, கயிறு, ஊக்கு, கைவிளக்கு, பேட்டரி, குடைகள், பழைய துண்டுகள் (நனைந்த நாற்காலிகளைத் துடைக்க), குப்பைப்பைகள், முதலுதவிப் பொருள், சுத்தியல். மிக அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போகும் வழியும் இடத்தின் சரியான முகவரியும் அதில் ஒரு தாளில் இருக்கட்டும். ஆம்புலன்ஸ் உள்ளே வரும் பாதையில் யாரும் வண்டி நிறுத்தாதபடி ஒருவர் நிற்க வேண்டும்.

அன்று முழுப் பொறுப்பையும் ஏற்கும் ஒருவர் வேண்டும். எல்லா ஒப்பந்தக்காரர்களிடமும் அவர் எண் இருக்க வேண்டும், மணமகளின் எண் இருக்கக்கூடாது. கூலிக்கு ஆள் வைக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால், கல்யாணத்தை ரசிக்க முடியாமல் போனாலும் கோபித்துக்கொள்ளாத ஒரு நண்பரைப் பிடியுங்கள்.

முடிந்த பிறகும் வேலை இருக்கிறது. கூடாரத்தை எத்தனை மணிக்குள் கழற்ற வேண்டும், குப்பை எங்கே போகிறது, புல்வெளி பாழானால் யார் பொறுப்பு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். சாமான் இறங்கும் முன்பே தரை, சுவர், வாசல் எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை நிலத்துக்காரரோடு ஒருமுறை சுற்றிவந்து, பிடுங்காமல் விட்ட முளை, ஊக்கு, கண்ணாடித் துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்பணத்தை அங்கேயே கேட்டு வாங்குங்கள்.